சாம்பியனைப் பார்க்கப் போகாதீர்கள், புதன்கிழமை போங்கள்

மார்ச் முதல் வாரம் வந்தால் அமெரிக்காவின் நார்த் கரோலினாவில், ராலே நகரை ஒட்டிய எங்கள் கேரியின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “ஏசிசி டோர்னமெண்ட் போகலாம்னு இருக்கோம், ஃபைனல் டிக்கெட் கிடைக்குமா?” கேட்பது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி. ஒவ்வொரு வருடமும் என் பதில் ஒன்றுதான். ஃபைனல் வேண்டாம், புதன்கிழமை மதியம் போங்கள். கேட்டவர் நான் காசுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். காசும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்ய வாட்ஸ்அப்பில் பொறுமை இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் முதல் நிலையில் கூடைப்பந்து ஆடும் கல்லூரிகள் 350க்கு மேல். அவை கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து குளிர்காலம் முழுக்கத் தங்களுக்குள் ஆடுகின்றன. மார்ச்சில் ஒவ்வொரு குழுவும் தனியாக ஒரு நாக் அவுட் போட்டி நடத்தும். அதை ஜெயித்தால், 68 அணிகள் மோதும் தேசியப் போட்டிக்கு, அதாவது என்சிஏஏவுக்கு, நேராக டிக்கெட். மற்றவர்கள் ஒரு கமிட்டி கூப்பிடுமா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் குழு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி. 1953இல் கிரீன்ஸ்பரோ பக்கத்தில் செட்ஜ்ஃபீல்டு என்ற இடத்தில் ஏழு கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தன. டியூக், நார்த் கரோலினா, என்சி ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் நான்கும் அப்போது ராலேயைச் சுற்றியே இருந்தவை. வேக் ஃபாரஸ்ட் மட்டும் பிறகு 1956இல் வின்ஸ்டன்-சேலத்துக்குக் குடிபெயர்ந்தது. முதல் போட்டி 1954இல் ராலேயில், என்சி ஸ்டேட் வளாகத்தில் உள்ள ரெனால்ட்ஸ் கொலிசியத்தில் நடந்தது. என்சி ஸ்டேட்டே ஜெயித்தது.

என் அலுவலகத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பள்ளியில் படித்த காலத்தில், டோர்னமெண்ட் நடக்கும் வெள்ளிக்கிழமை மதியம் டீச்சரே சக்கரம் வைத்த ஸ்டாண்டில் டிவியை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வருவாராம். கதை விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால், அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அதே கதையைச் சொன்னார்கள்.

அவ்வளவு வெறி ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. 1975க்கு முன்னால் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஒரு அணிதான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். ஏசிசியில் அது டோர்னமெண்டை ஜெயித்த அணி. சீசன் முழுக்க ஜெயித்துவிட்டு அந்த மூன்று நாளில் ஒரு தடவை சறுக்கினால் கதை முடிந்தது. 1974 ஃபைனலில் என்சி ஸ்டேட்டும் மேரிலாண்டும் கிரீன்ஸ்பரோவில் மோதின. இரண்டுமே அப்போது நாட்டின் தலைசிறந்த அணிகளில் சேர்த்தி. ஓவர்டைமில் 103-100 என்று என்சி ஸ்டேட் ஜெயித்து, தொடர்ந்து ஏழு வருடம் பட்டம் வைத்திருந்த யுசிஎல்ஏவையும் வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. மேரிலாண்ட் வீட்டுக்குப் போனது. அடுத்த வருடமே விதி தளர்ந்து, ஒரு குழுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என்றானது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. விதி மாறிய பிறகு பெரிய அணிகளுக்கு இந்தப் போட்டி உயிர் போகும் பிரச்சினை இல்லை. டியூக் தோற்றாலும் ஞாயிற்றுக்கிழமை அதன் பெயர் அநேகமாக வரும். கீழே இருக்கும் அணிகளுக்கோ 1974இன் விதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஜெயித்தால் உண்டு, தோற்றால் சீசன் முடிந்தது. நான்காம் ஆண்டு மாணவனாக இருந்தால் பெரும்பாலும் அதுவே அவன் கடைசி ஆட்டம். சீசன் முடிவில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் வியாழக்கிழமைதான் களத்துக்கு வருவார்கள். அதற்கு முன்னால் செவ்வாயும் புதனும் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கத்தி முனையில் நிற்பவர்கள்.

2023 மார்ச் 8, புதன்கிழமை மதியம் நானும் மகளும் அந்த வருடப் போட்டி நடந்த கிரீன்ஸ்பரோவுக்குப் போனோம். அவளுக்கு அன்று பள்ளி உண்டு. விடுப்புக் கடிதத்தில் ‘குடும்ப வேலை’ என்று எழுதினேன். டிவி தள்ளிய டீச்சர்கள் இருந்த மாநிலம், மன்னித்துவிடுவார்கள். கேரியிலிருந்து நாற்பதாம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம். அரங்கத்தைச் சுற்றியே பெரிய பார்க்கிங் இருக்கிறது, ஆனால் முதல் ஆட்டம் ஆரம்பிக்க முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். டிக்கெட் போனில்தான். வாசலில் நெட்வொர்க் திணறும் என்பதால் வீட்டிலேயே வாலட்டில் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது. பை கொண்டு போவதானால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான். எவ்வளவு அளவு என்பதை அந்தந்த வருடம் அரங்கத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு ஆட்டம். அதை ஒரு செஷன் என்பார்கள். மதிய செஷன் முடிந்ததும் அரங்கத்தைக் காலி செய்துவிட்டு, இரவு செஷனுக்கு வேறு டிக்கெட்காரர்களை உள்ளே விடுவார்கள். அன்று மதியம் முதலில் சிரக்யூஸும் வேக் ஃபாரஸ்டும், அடுத்து பிட் எனப்படும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும்.

மேல் அடுக்கில், மைதானத்தின் நீளவாக்கில் நடுவே பார்த்து இடம் வாங்கியிருந்தேன். கீழே கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வீரர்களின் முகம் தெரியும், ஷூ கிறீச்சிடுவது கேட்கும், ஆட்டம் மட்டும் புரியாது. மேலிருந்து பார்த்தால்தான் சிரக்யூஸ் என்ன செய்கிறது என்று தெரியும். அவர்களுடைய பயிற்சியாளர் ஜிம் பேஹைம் 1976இலிருந்து அந்த வேலையில் இருந்தவர். அவருடைய அடையாளமே தடுப்பு ஆட்டத்தில் முன்னால் இருவர், பின்னால் மூவர் நிற்கும் ஜோன். ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்துக்கு இடம் காவல். பந்து வலது பக்கம் போனால் ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல வலது பக்கம் நகர்வார்கள். இடது மூலையில் ஒரு துளி இடம் திறக்கும், அடுத்த நொடி மூடிக்கொள்ளும். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது சரியாகக் கண்ணில் படாது. மகள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “அப்பா, பந்தைப் பார்க்காதீங்க, பந்து இல்லாத பக்கம் பாருங்க” என்றாள். மேல் அடுக்கு டிக்கெட் வாங்குகிற எல்லோருக்கும் நான் கடத்துவது அவளுடைய அந்த ஒரு வரியைத்தான்.

அரங்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருக்கைகள். புதன் மதியம் நிறையவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் கறுப்பும் தங்கமும், நடுவில் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் பிட் ரசிகர்கள், மீதி எங்களைப் போல யார் பக்கமும் இல்லாதவர்கள். இந்தப் பொதுஜனம் ஆட்டம் நெருங்க நெருங்க ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அன்று வேக் ஃபாரஸ்ட் பக்கம் சாய்ந்தது. பக்கத்து ஊர் அணி என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு. பேஹைம் 2017இல், கிரீன்ஸ்பரோவில் இந்தப் போட்டியை நடத்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற தொனியில் பேசிவிட்டார். ஊர்க்காரர்கள் அதை மறக்கவே இல்லை.

கடைசி நொடிகளில் 74-74. வேக் ஃபாரஸ்டின் டேவியன் வில்லியம்சன் மூன்று புள்ளி வீச்சு ஒன்றை எடுத்தார். உள்ளே விழுந்தது. 77-74. முன்வரிசையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்களுக்கு இரண்டு வரிசை கீழே ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட வயதான தம்பதி. அந்த அம்மா மட்டும் எழுந்து, பேஹைம் சுரங்கப்பாதைக்குள் மறையும் வரை நிதானமாகக் கை தட்டிக்கொண்டே இருந்தார். கணவர் கோட்டைக் கையில் எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது: 47 சீசனுக்குப் பிறகு பேஹைம் இனி பயிற்சியாளர் இல்லை. பிரயோஜனம் இல்லை என்று அவர் சொன்ன ஊரிலேயே கடைசி ஆட்டம். ஃபைனல் டிக்கெட் வைத்திருந்தவர்கள் இதைச் செய்தியில்தான் படித்திருப்பார்கள்.

வேக் ஃபாரஸ்டின் சந்தோஷமும் ஒரு நாளைக்குத்தான். வியாழக்கிழமை மயாமியிடம் 74-72 என்று தோற்றார்கள். இந்த வாரத்தின் கணக்கு அப்படி.

கூடைப்பந்துக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் என்பது இரண்டு நிமிடம் இல்லை, கால் மணி நேரம் ஆகும். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், கடிகாரம் நிற்கும், எதிராளி யாரும் தடுக்காத இலவச வீச்சை, அதாவது ஃப்ரீ த்ரோவை, வீசுவார், மறுபடி ஃபவுல். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் நான் பார்த்த வருடங்களில் ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இதற்குள் ஒரு சூதாட்டம் இருந்தது. ஒரு பாதியில் எதிரணி ஏழு ஃபவுல் செய்துவிட்டால் ‘ஒன் அண்ட் ஒன்’ ஆரம்பிக்கும். முதல் வீச்சைப் போட்டால்தான் இரண்டாவது வீச்சே கிடைக்கும். பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் உறுதி. ஆகவே ஸ்கோர் பலகையில் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபவுல் எண்ணிக்கையையும் பாருங்கள். கடைசி நேரத்தில் கோச்சுகள் ஏன் கத்துகிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும். சாப்பாடு வாங்கவோ பாத்ரூம் போகவோ எழுந்திருப்பதானால், ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே கடிகாரம் போனதும் வரும் டிவி இடைவேளைகளில் எழுந்திருங்கள். ஹாஃப் டைமில் எழுந்தால் ஊரே உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

சாப்பாடு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. அரங்கத்துக்கு எதிரிலேயே ஸ்டேமீஸ் என்று ஒரு பார்பெக்யூ கடை. 1930இலிருந்து இந்தக் குடும்பத்தார் தொழிலில் இருக்கிறார்கள். விறகுக் கரியில் மணிக்கணக்காக வேகவைத்துக் கொத்திய பன்றித் தோள்கறிதான் பிரதானம், கூடவே வினிகர் போட்ட சிவப்பு கோஸ் ஸ்லா. டோர்னமெண்ட் வாரத்தில் எல்லாக் கல்லூரிச் சட்டைகளையும் ஒரே கூரையின் கீழே பார்க்கலாம். சைவக்காரர்களுக்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. ஹஷ்பப்பி என்ற சோளமாவு உருண்டை நம் போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீச் காப்ளர் மட்டும் யாரும் விடக்கூடாது. உள்ளே வெளிச்சாப்பாடு கொண்டுபோக முடியாது என்பதால், நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் காரிலேயே வைத்திருந்து, வெளியே வந்ததும் டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். பக்கத்து காரில் பிட் ரசிகர்கள் பியரோடு நின்றிருந்தார்கள். வறுவல் பாதிக்கு மேல் அங்கே போய்விட்டது.

அவர்கள் குஷியாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஜார்ஜியா டெக்கை 89-81 என்று ஜெயித்ததில், கமிட்டியின் கண்ணில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த பிட்டுக்கு மூச்சு வந்திருந்தது. அடுத்த நாள் டியூக்கிடம் 96-69 என்று உதை வாங்கினார்கள், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பெயர் வந்தது. மூன்றாம் இடத்தில் இருந்து அரையிறுதி வரை போன கிளெம்சனுக்கு வரவில்லை. சீசன் தொடங்கும்போது நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த நார்த் கரோலினாவுக்கும் வரவில்லை. இந்த விளிம்பு நிலவரத்தை இங்கே ‘பபுள்’ என்பார்கள். போவதற்கு முன்னால் எந்த அணி பபுளில் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் படித்துவிட்டுப் போனால், சாதாரணமாகத் தெரியும் ஆட்டம்கூட வேறு மாதிரி தெரியும்.

இரண்டு செஷனுக்கும் டிக்கெட் வாங்கியவர்களுக்கு நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். கிரீன்ஸ்பரோவில் அதை மாலில் செலவழிக்காதீர்கள். சவுத் எல்ம் தெருவில் பழைய வுல்வொர்த் கடை இருக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று பக்கத்துக் கல்லூரியான நார்த் கரோலினா ஏ அண்ட் டியின் கறுப்பின மாணவர்கள் நால்வர், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்ட இடம். பரிமாற மறுத்தார்கள், அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கூட்டம் கூடியது, வாரங்களுக்குள் தெற்கு முழுக்க அந்தப் போராட்டம் பரவியது. கட்டடம் 2010இலிருந்து சிவில் உரிமை அருங்காட்சியகம். அந்த மேடையும் ஸ்டூல்களும் இன்னும் உள்ளே இருக்கின்றன. கடைசி டூர் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

இது கூடைப்பந்துக்குச் சம்பந்தமில்லாதது இல்லை. கிரீன்ஸ்பரோ கொலிசியம் திறந்தது 1959 அக்டோபரில், அந்த நால்வர் உட்கார்வதற்குச் சில மாதம் முன்னால். அன்றைக்கு ஏசிசி கூடைப்பந்து அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1965இல்தான் மேரிலாண்டில் பில்லி ஜோன்ஸ் ஆட வந்தார். பிறகு நார்த் கரோலினாவில் சார்லி ஸ்காட். 1969 ஃபைனலில் டியூக்குக்கு எதிராக ஸ்காட் தனியாளாக 40 புள்ளி எடுத்துக் கோப்பையைப் பறித்துக்கொண்டு போனார். இப்போது கறுப்பின வீரர்கள் நிறைந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு அந்த ஸ்டூல்களைப் பார்த்ததில், மகளுக்கு நான் தனியாக வரலாறு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரவு செஷனைப் பற்றி எச்சரிக்கை. ஒன்பதரை மணி ஆட்டம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் முன் ஆட்டம் முடிந்து அரை மணி கழித்துத்தான் தொடங்கும். ஓவர்டைம் போனால் பத்து. முடிய நள்ளிரவு, அப்புறம் பார்க்கிங்கிலிருந்து வெளியே வர அரை மணி, வீடு சேர ஒன்றரை. சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இவ்வளவுக்கும் பிறகு ஃபைனல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. பல பத்தாண்டுகள் இந்த டிக்கெட்டுகள் பொதுமக்களுக்குக் கிடைக்காமலே இருந்தன, கல்லூரிக்கு நன்கொடை தருபவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இப்போதும் பலர் வாரம் முழுமைக்கும் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்கள் அணி தோற்ற அன்று இரவே மீதியை விற்கப் பார்ப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை அரையிறுதி முடியும் வரை காத்திருங்கள். டியூக்கோ நார்த் கரோலினாவோ உள்ளே இருந்தால் விலை இறங்காது. இரண்டும் வெளியே போனால் அந்த இரவே வாங்குங்கள். அரங்கத்துக்கு வெளியே கையில் அட்டை பிடித்து விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். போன் டிக்கெட் காலத்தில் அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வாசலில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள்.

2024இல் போட்டி வாஷிங்டனுக்குப் போய்விட்டதால் நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். அந்த வருடம் மகளுக்கு என்சி ஸ்டேட்டில் இடம் கிடைத்திருந்தது. அணியோ தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்று, 17-14 என்ற கணக்கோடு பத்தாம் இடத்தில் நொண்டிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆட வேண்டும், ஐந்து நாளில் ஐந்து ஜெயிக்க வேண்டும், ஏசிசியில் யாரும் செய்ததில்லை. லூயிவில், சிரக்யூஸ், டியூக் என்று வரிசையாகச் சாய்த்தார்கள். அரையிறுதியில் வர்ஜீனியா மூன்று புள்ளி முன்னால், மீதி சுமார் ஐந்து நொடி, வர்ஜீனியா வீரர் ஃப்ரீ த்ரோ கோட்டில். ஒன் அண்ட் ஒன். முதல் வீச்சே வெளியே. மகள் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். என்சி ஸ்டேட்டின் மைக்கேல் ஓ’கானல் பஸ்ஸர் அடிக்கும்போது எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. ஓவர்டைமில் ஜெயித்து, சனிக்கிழமை நார்த் கரோலினாவை 84-76 என்று முடித்தார்கள். 1987க்குப் பிறகு முதல் கோப்பை. அப்படியே தேசியப் போட்டியில் கடைசி நான்கு வரை போனார்கள்.

2025இல் சார்லட்டில் போட்டி, இதே மாநிலம்தான், மகள் என்சி ஸ்டேட்டிலேயே மாணவி. டிக்கெட் எடுக்கலாம் என்று பார்த்தால் கான்ஃபரன்ஸ் 18 அணிகளாகிவிட்டது, 15க்குத்தான் டோர்னமெண்டில் இடம். போன வருட சாம்பியன் என்சி ஸ்டேட் அந்தப் பதினைந்துக்குள் வரவில்லை. எனவே அட்டவணை முடிவாகும் வரை செவ்வாய் டிக்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு ராலேயிலேயே ஒன்று இருக்கிறது. 1954 போட்டி நடந்த ரெனால்ட்ஸ் கொலிசியம் இடிக்கப்படவில்லை. புதுப்பித்து, சுமார் ஐந்தாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரும்படி சுருக்கி, என்சி ஸ்டேட் பெண்கள் அணி அங்கேதான் ஆடுகிறது. அவர்கள் நாட்டின் பலமான அணிகளில் ஒன்று, டிக்கெட் ஆண்கள் ஆட்டத்தைவிட ரொம்பக் குறைவு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் ஞாயிறு மதிய ஆட்டங்களாகப் பாருங்கள். ஆட்டம் முடிந்து அப்படியே கேரி கோயிலுக்குப் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம்.